பட்டி பார்த்த இமயமலை

சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுருக்கமாகப் பேசுகிற ஆளாகப் பார்த்துக் கூப்பிட்டிருக்கலாம். என்னைக் கூப்பிட்டது உங்கள் தலையெழுத்து. உட்காருங்கள்.

நேற்று நீங்கள் நிலமாதிரி செய்கிற கூடத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். குளிரூட்டிய அறை, கணினி, தானாகவே மலையைச் செதுக்கும் இயந்திரம். நாங்கள் முதுகொடிய மாதக்கணக்கில் செய்த நிலமாதிரியை அது மதியச் சாப்பாட்டுக்குள் செய்து தள்ளுகிறது. வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் சந்தோஷம். அப்போது உங்களில் ஒரு பிள்ளை திரையில் ஒரு மலைச்சரிவைக் காட்டிக்கொண்டே ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியது. மேடும் பள்ளமுமாக இருந்த சரிவு வழவழவென்று ஆகிவிட்டது. "எதுக்குப்பா அதைச் செஞ்ச?" என்றேன். "பார்க்க நீட்டா இருக்கும் மேடம்" என்றது. நீங்கள் கொடுத்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

இந்த 'நீட்டா இருக்கும்' என்பதோடு மல்லுக்கட்டியே என் தலை நரைத்தது. அந்த மல்லுக்கட்டில் ஒன்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பா சேலத்திலிருந்து வந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் வரைபடத் தொழில் படித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பள்ளிக்கூடங்களுக்கு மலை, ஆறு, பள்ளத்தாக்கு எல்லாம் மேடுபள்ளமாக பிளாஸ்டரில் வார்த்து, சாயம் பூசி, மரச்சட்டம் போட்டு அனுப்புகிற பட்டறை. வரைபடத்தின் உயரக் கோடுகளைப் பார்த்து அட்டையை வெட்டி அடுக்குவது என் வேலை. அந்த அடுக்கின்மேல் களிமண் அப்பி உருவமாக்கி, அதற்கு அச்சு எடுத்து, அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் மாதிரி வெளியே வரும். ஆகவே ஒன்று கெட்டால் கெட்டதுதான், திரும்ப அட்டை வெட்டுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி கொலுபொம்மை வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஆட்களும் பொம்மை செய்தவர்கள், பெரிய வீட்டுக் கூரைகளுக்கு பிளாஸ்டர் பூ வைத்தவர்கள். நேர்த்தியான கைகள். ஆனால் மலை என்றால் அவர்களுக்குக் கொலுவில் வைக்கிற மலைதான். அடியில் பச்சை, நடுவில் பழுப்பு, உச்சியில் வெள்ளை. ஒரு முறை நீலகிரியின் தலையில் பனியைப் பூசி வைத்துவிட்டார்கள். "ஊட்டியில ஏதுங்க பனிமலை?" என்று கேட்டால் முதலாளி சொல்கிறார்: "ஊட்டி குளிர்தானேம்மா? குளிர்னா பனி. ரெண்டு இழுப்பு வெள்ள அடிச்சா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே சுவர் மாதிரி இறங்குவதும் கிழக்கே ஓய்வாகச் சாய்ந்து வருவதும் அவருக்கு ஆகவே ஆகாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால்தானாம் மலைக்கு லட்சணம். "அந்தச் சுவர், நம்ம நிலம் இன்னொரு நிலத்திலேர்ந்து பிய்ஞ்சுபோன விளிம்புங்க" என்று ஒரு நாள் வாய்விட்டுவிட்டேன். "பிச்சிக்கினு வந்துச்சாம்! இந்தம்மா கூடவே வந்து பாத்துச்சாம்!" என்று பட்டறையே சிரித்தது. அதற்கப்புறம் சில காலம் நான் எதுவும் விளக்கவில்லை.

எனக்கு அதைச் சொல்லித்தந்தவர் ஒரு கல்லூரி விரிவுரையாளர். பட்டறைக்கு அவ்வப்போது ஆலோசனை சொல்ல வருவார். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில், தோள்பை நிறைய கற்களோடு, கண்டக்டரிடம் ஒரு சண்டையையும் போட்டுவிட்டுத்தான் வந்து இறங்குவார். கல் சார் என்போம். சரியான சிடுமூஞ்சி. பாராட்டு என்பதே அவர் வாயில் வராது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "கண்ணால பார்த்ததை ஒரு பக்கம் வை. அதுக்கு நீ சொல்ற காரணத்தை இன்னொரு பக்கம் வை. ரெண்டையும் குழப்பினா நீ தொலைஞ்ச." நான் பிழைத்தது இந்தப் பேச்சால்தான், அது பின்னால் வருகிறது.

வடக்கே இமயமலை அடிவாரத்தில் ஒரு தேசியப் பூங்கா. அங்கே வருகிறவர்கள் பார்க்கும் கூடத்துக்கு ஒரு பெரிய நிலமாதிரி வேண்டுமென்று எங்களுக்கு வேலை வந்தது. பள்ளிக்கூட மாதிரி போல மேசையில் அடங்குவதல்ல. துண்டுதுண்டாக வார்த்து ஒட்ட வேண்டிய அளவு. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கல் சார் வந்தார், வரைபடத்தைப் பார்த்தார், "பிளாஸ்டர் கலக்கு" என்றார்.

பாதி இறுகிய இரண்டு பாளங்களை எண்ணெய் தடவிய பலகைமேல் எதிரெதிராக வைத்தார். "பூமியோட மேலோடு பெரிய பெரிய தட்டா இருக்கு. எல்லாம் நகருது, மெதுவா, உன் நகம் வளர்ற மாதிரி. இது இந்தியா. அது ஆசியா. தள்ளும்மா." தள்ளினேன். விளிம்பு சுருங்கி மடிந்தது. இன்னும் தள்ளினேன். படக்கென்று வெடித்து, ஒரு பாளம் இன்னொன்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏறின இடத்தில் நெடுக ஒரு படி. "இதுதான் உன் பூங்கா. புரிஞ்சுதா?" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு திட்டிக்கொண்டே விளக்கினார். பெரிய மலையிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும்தான், பின்னாலிருந்து வந்த நெருக்கலில் தானே எழும்பி அடிவாரக் குன்றுகளாக நிற்கிறது. குன்றுகளுக்குப் பின்னால் நீளமாக ஒரு தட்டைப் பள்ளத்தாக்கு. அங்கேதான் புல்வெளி, மான், யானை. குன்றுகளுக்கு முன்னால் கற்குவியல். ஓடைகள் அந்தக் கல்லுக்குள் காணாமல் போய், கீழே எங்கோ ஊற்றாக வரும். சமவெளி முடிந்து நிலம் சட்டென்று எழுகிற அந்த நீளப் படி, ஒரு நிலம் இன்னொரு நிலத்தின்மேல் ஏறிய கோடு. "அந்தப் படியை நீ காட்டலைன்னா மத்ததெல்லாம் அலங்காரம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

நானும் உயிரைக் கொடுத்து அந்தப் படியை அட்டையில் கொண்டுவந்தேன். களிமண்ணில் வந்தது. அச்சில் வந்தது. வார்ப்பிலும் வந்தது.

இங்கே கன்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூந்தமல்லிப் பக்கம் நூம்பல் கிராமத்துக்காரன். அவன் வீட்டில் எல்லோரும் கழனி வேலை பார்த்தவர்கள். இவன் ஒருவன்தான் தொழிற்பேட்டைக்கு வந்தவன். எங்கள் பட்டறையில் மெருகு வேலை. வார்த்த துண்டுகளை ஒட்டினால் நடுவில் கோடு தெரியுமல்லவா, அதை அரத்தால் ராவி, பள்ளத்தைப் பசையால் நிரப்பிப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டின சுவடே இல்லாமல் செய்வான். பொம்மைத் தொழிலில் ஜாயிண்ட் தெரிவது மானக்கேடு. கன்னியப்பன் தொட்டதில் ஜாயிண்ட்டைக் கண்டுபிடித்தவர் கிடையாது.

ஆனால் அவன் தற்காலிக ஆள். திருமழிசையில் அவன் தாய்மாமன் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மாமன் மகள்மேல் இவனுக்கு உயிர், அவளுக்கும் அப்படித்தான். மாமனோ, "பர்மனண்ட் ஆயிட்டு வா, பொண்ணு தரேன். இல்லாங்காட்டி இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டார். முதலாளி இதைத் தெரிந்துகொண்டு, "இந்தப் பூங்கா வேலைல அதிகாரி கையெயுத்துப் போட்டா, நீ பர்மனண்ட்டுடா" என்று வாக்குக் கொடுத்திருந்தார். கன்னியப்பன் பைத்தியம் பிடித்தவன் மாதிரி வேலை செய்தான். "இன்னா மாப்ள, மலைக்கு மேக்கப்பு முடிஞ்சிதா?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

அத்தை மகள் கல்யாணத்துக்கு நான் சேலம் போய்விட்டுத் திரும்பினேன். பட்டறைக்குள் நுழைந்ததும் மாதிரியைப் பார்த்தேன். முதலில் என்ன குறைகிறது என்றே பிடிபடவில்லை. பிறகு அடிவாரத்தைப் பார்த்தேன். சமவெளி அப்படியே நைசாக ஏறி, மெல்ல மெல்லக் குன்றாகியிருந்தது. படியைக் காணோம்.

"கன்னியப்பா, இங்க அடிவாரத்துல ஒரு படி இருந்துச்சே, எங்க?"

"அந்த ஜாயிண்ட்டாக்கா?" அவன் முகமெல்லாம் பல். "பாத்தியா, உனக்கே தெரில! இந்தக் கோடிலேந்து அந்தக் கோடி வரிக்கும் போய்க்கினு இருந்துச்சி. மத்த ஜாயிண்ட்டுலாம் சும்மா ஊதித் தள்ளிட்டேன், இதுதான் ரொம்ப பேஜார் குட்த்துடுச்சி. மேல ராவி, கீய பட்டி பாத்து... தடவிப் பாருக்கா. கொயந்த கன்னம் மாதிரி கீது."

"அது ஜாயிண்ட் இல்லடா! மலைடா அது! இமயமலையோட அடிடா!"

"மலையா?" உப்புத்தாளோடு அப்படியே நின்றான். "மலைல எவன்க்கா கோடு போட்டான்?"

என்னவென்று சொல்ல? ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அச்சு உடைந்து குப்பைக்குப் போய்விட்டது. களிமண்ணைக் கரைத்து வேறு வேலைக்கு எடுத்துவிட்டார்கள். இவனைத் திட்டக்கூட நேரமில்லை, வாசலில் கார் வந்து நின்றது. அதிகாரி.

அவர் தமிழர்தான், வடக்கே அந்தப் பூங்காவில் வேலை. நல்ல மனிதர், வெள்ளைச் சட்டை. மாதிரியைச் சுற்றி வந்தார். அடிவாரத்தில் விரலை ஓட்டினார். "போன தடவை களிமண்ல பார்த்தப்ப இங்க விரிசல் மாதிரி ஒண்ணு இருந்தது. சரி பண்ணிட்டீங்க. ரொம்ப நீட்டா இருக்கு."

கேட்டீர்களா? நீட்டா இருக்காம்!

முதலாளி கன்னியப்பனை முன்னால் தள்ளினார். "நம்ம பையன் கைவேல சார்." அவன் காதோடு, "நாளைலேந்து பர்மனண்ட்டுடா நீ" என்றார். அவன் கண் கலங்கிவிட்டது. பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார் அதிகாரி.

நான் வாயைத் திறந்தால் அவன் கல்யாணம் போச்சு. மூடிக்கொண்டால் ஒரு பொய் மலை போய் அந்தக் கூடத்தில் உட்காரும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் அங்கே வருகிற பிள்ளை ஜன்னல் வழியாக நிஜ மலையையும் பார்க்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் மலையையும் பார்க்கும். இரண்டும் வேறாக இருந்தால் எதை நம்பும்? பெட்டிக்குள் இருப்பதைத்தான். கண்ணாடிக்குள் வைத்தால் எதையும் நம்பிவிடுகிற ஜனம் நாம்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க. இது தப்பா இருக்கு."

"இன்னாம்மா, சேலத்துல கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலியா?" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

நான் படியைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "தட்டு நகருது, மோதுதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்கம்மா. எங்க ஆளுங்கள்ளயே பாதிப் பேர் அதை ஒத்துக்கலை. தீராத விவாதத்தை நான் எப்படி மாதிரியில வைக்கறது?"

கல் சார் பேச்சு அப்போதுதான் கை கொடுத்தது. "நகர்ந்துச்சா இல்லையான்னு அப்புறம் சண்டை போடலாம் சார். படி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. கீழேயிருந்து பூங்காவுக்குள்ள போறப்ப உங்க ஜீப் டிரைவர் எங்க கியர் மாத்துவார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "குன்றுக்கு அடியில. சட்டுனு ஒரு ஏத்தம் வரும்."

"அந்த ஏத்தம் இதுல எங்க இருக்குன்னு காட்டுங்க."

விரலை வைத்து மேலே கொண்டுபோனார். திரும்பக் கீழே கொண்டுவந்தார். எங்கேயும் நிறுத்த இடமில்லை. பேனாவை மூடினார். "யார் இதை அழிச்சது?"

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டெம்ப்ரவரி ஆளு சார். இன்னிக்கே நிறுத்திடறேன்."

அட கடவுளே, நாக்கு எப்படித்தான் புரளுமோ! இரண்டு நிமிடம் முன்னால் 'நம்ம பையன்'. எனக்கு வந்த கோபத்தில் அவர் முதலாளி என்பதே மறந்துவிட்டது. "நிறுத்திட்டு யாரை வெச்சு அதைத் திரும்பக் கட்டுவீங்க? நீங்க கட்டுவீங்களா? ஜாயிண்ட்டைத் தேய்க்கறதுக்குத்தான் அவனுக்குக் கூலி. தேய்ச்சிருக்கான். கல் சார் வந்து என் மேசையில விளக்கினப்ப, பின்னால உட்கார்ந்து தேய்க்கறவனை யாராவது கூப்பிட்டோமா? மலை எது, ஜாயிண்ட் எதுன்னு இந்தப் பட்டறையில ஒருத்தர் அவன்கிட்ட வாயைத் திறந்தோமா?"

"வாரக் கடைசி வரைக்கும் மெட்ராஸ்லதான் இருப்பேன்" என்றார் அதிகாரி. "போறதுக்கு முன்னாடி வந்து பார்க்கறேன்." முதலாளி கன்னியப்பனைப் பார்த்து, "பர்மனண்ட்டு கிர்மனண்ட்டுலாம் அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் பிளாஸ்டர் கலக்கினேன். பாதி இறுகிய பாளங்களைப் பலகையில் வைத்து, கன்னியப்பனையே தள்ளச் சொன்னேன். அரைமனதாகத் தள்ளினான். படக்கென்று ஒன்று மேலே ஏறியதும் கையை இழுத்துக்கொண்டான். "எக்கா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிச்சி! இப்டியா ஆச்சி நம்ம நாடு?" இன்னும் இரண்டு பாளம் கேட்டு வாங்கித் தள்ளிப் பார்த்தான். கூட வேலை செய்தவர்களும் வந்து நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

புரிந்துவிட்டது, சரி. ஆனால் கைக்குப் புரிய வேண்டுமே! திரும்ப அட்டை வெட்ட நாளில்லாததால் வார்ப்பின்மேலேயே பட்டியைச் சுரண்டி எடுத்தான், மேலே பிளாஸ்டர் வைத்துப் படியைக் கட்டினான், அழகாக வந்தது. வந்தவுடன் அவன் கட்டைவிரல் தானாகப் போய் அதன் ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்து மழுப்பிவிட்டது. "டேய்!" என்று கத்துவேன். "தெரியாம பூட்ச்சிக்கா" என்பான். திரும்பக் கட்டுவான். திரும்ப விரல் போகும். "நான் இன்னா பண்ணட்டும்? கை நம்ம பேச்சு கேக்க மாட்டேங்குதே" என்று அழாக்குறையாகச் சொன்னான். கடைசியில் ஒரு பழைய துணியைக் கிழித்து அவன் கட்டைவிரலைக் கட்டிப்போட்டேன். அப்படித்தான் எழும்பியது அந்த மலையடி. கல் சார் நடுவில் ஒரு நாள் வந்து குனிந்து பார்த்தார். "ஹும்" என்றார். "உயரம் கொஞ்சம் ஜாஸ்தி." போய்விட்டார். அதுதான் அவர் பாராட்டு.

அதிகாரி திரும்ப வருகிற அன்று, அவருக்கு முன்னாலேயே கன்னியப்பனின் மாமன் வந்துவிட்டார். பர்மனண்ட் ஆகிவிட்டது என்று யாரோ அரைகுறையாகச் சொல்லக் கேட்டு, நேரில் விசாரிக்க வந்திருக்கிறார். காக்கிச் சட்டை, கையில் டிபன் பை. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை, மாதிரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மாமன் ஃபிட்டர் அல்லவா, மலையையா பார்ப்பார், நேரே படிக்குத்தான் கண் போயிற்று.

"இன்னா மொதலாளி, இம்மாம் பெரிய ஜாயிண்ட்ட அப்டியே வுட்டு வெச்சிக்கீறீங்க? எங்க கம்பெனில இப்டி வுட்டா சீட்டு கியிஞ்சிடும்." மருமகன் பக்கம் திரும்பினார். "இதான் ஒன் கைவேலையாடா? இத்த நம்பியா நான் பொண்ணு குடுக்கறது?" சொல்லிக்கொண்டே கட்டைவிரலை நீட்டிப் படியைத் தேய்க்கப் போனார்.

கன்னியப்பன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். மாமனுக்கு எதிரே நிமிர்ந்துகூட நிற்காதவன். "கைய எடு மாமா. அது ஜாயிண்ட்டு இல்ல. நம்ம நெலம் கடல் தாண்டி வந்து முட்டிக்கினு, ஏறி நின்ன எடம். இன்னும் முட்டிக்கினுதான் கீது. நான் ஒரு வாட்டி தெரியாம தேச்சிட்டு பட்ட பாடு போதும்."

மாமன் கையை இழுத்துக்கொண்டார். "இவன் இன்னா சொல்றான்?" என்று முதலாளியைக் கேட்டார். வாசலிலிருந்து குரல் வந்தது: "அவர் சொல்றபடிதான் அங்க இருக்கு. எங்க ஜீப் அந்த இடத்துலதான் கியர் மாத்தும்." அதிகாரி எப்போது வந்து நின்றாரோ தெரியாது.

மாமன் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார், துணி கட்டிய விரலையும் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "இம்மாம் வெசயம் தெரிஞ்சவன இன்னுமா டெம்ப்ரவரியா வெச்சிக்கினு கீறீங்க?" என்று அதிகாரி காதில் விழும்படியே கேட்டார். முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டுமே! "யாருய்யா சொன்னது? அவன் அப்பவே பர்மனண்ட்டு!" என்று உறுமினார். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர எத்தனை பேர் வந்து நிற்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

கல்யாணம் திருமழிசையில் நடந்தது. கல் சார்கூட வந்திருந்தார், பந்தியில் ரசம் சரியில்லை என்று திட்டிக்கொண்டே மூன்றாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்று அந்தப் பொத்தானை அழுத்திய பிள்ளை பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது, வந்தவுடனே பார்த்துவிட்டேன். தலையைக் குனிந்துகொள்ளாதே. நீ அழித்தது என்னவென்று உன்னிடம் இங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாத பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் நான் பிறகு பேசிக்கொள்கிறேன். நீ எழுந்து வா. வரும்போது நேற்றைய சரிவின் வரைபடத்தையும் எடுத்து வா, சேர்ந்து பார்க்கலாம். எனக்கு பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது.